ஆட்சேபணை ஏதும் வரவில்லை

நீதான் செய்தாய். உன் பேர் எனக்குத் தெரியாது, ஆம்பிளையா பொம்பிளையா என்றுகூடத் தெரியாது, ஆனால் நீதான். இந்த மாநகராட்சிக் கட்டடத்தின் ஏதோ ஒரு அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, வீட்டின் எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடந்தாலும் முழு வீடும் வணிகக் கட்டடமாகவே கருதப்படும் என்று ஒரு வாக்கியம் எழுதினாய் பார், அதை எழுதிய கை உன்னுடையது. எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய். சர்க்கரை கம்மி என்று டீக்காரனிடம் சண்டைகூடப் போட்டிருப்பாய். நான் உன்னைத்தான் தேடுகிறேன். மாமன்றக் கூடத்தின் மாடியில், பொதுமக்களுக்கு என்று போட்டிருக்கும் மரப்பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து, கம்பிக்கு மேலே கழுத்தை நீட்டி, கீழே இருக்கிற ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழுக்கை, சாயம் பூசியது, மல்லிகை வைத்தது, துண்டு போட்டது. இதில் எது உன் தலை? மேயரம்மா வரப்போகிற வருஷத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கிறார். கொசு ஒழிப்புக்கு இவ்வளவு, தெருநாய்க்கு இவ்வளவு, மயானச் சுற்றுச்சுவருக்கு இவ்வளவு. பக்கத்தில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து தூங்குகிறார். ஃபினாயில் நாற்றம் மூக்கில் ஏறுகிறது. இந்த நாற்றம் வந்தாலே எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம், ஆஸ்பத்திரி என்றாலே யாரோ உள்ளே போய் வெளியே வராத ஞாபகம். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், வந்த வேலையைப் பார். வரி இன்னும் வரவில்லை. வரியைக் கடைசியில்தான் வாசிப்பார்கள் என்று எங்கள் வார்டு மெம்பர் சொல்லியிருக்கிறான். கசப்பைக் கடைசியில் வைப்பது எந்த ஊர்ப் பந்தி என்று தெரியவில்லை.

பந்தி என்றதும் இலை வந்துவிடுகிறது எனக்கு. இலைதான் என்னை ஆளாக்கியது. வாழை இலை மண்டியில் முப்பிடாதி என்று கேட்டால் ஊர் எல்லையிலேயே வழி சொல்வார்கள், கூடவே பார்த்துப் பேசு, அந்தம்மாவுக்கு வாய் நீளம் என்றும் சொல்வார்கள். என் புருஷன் லாரியில் கிளீனராகப் போனான். லாரி மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது கட்டுச் சுமக்க. தலையில் இலைக்கட்டுத் தண்ணீர் ஒழுகி ஒழுகி உச்சந்தலை முடி போனது இன்னும் முளைக்கவில்லை. எனக்கு யாரும் வியாபாரம் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏமாற்றினார்கள், அவ்வளவுதான், ஏமாற்ற ஏமாற்றப் படித்தேன். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்காரர் வந்து விலை கேட்டால் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. அவர் ஒரு விலை சொன்னால் காதில் விழாத மாதிரி நல்ல இலைக்கட்டையே அவிழ்த்து, கிழிசலைப் பொறுக்கி, மறுபடி கட்ட வேண்டும். அவர் செருமுவார், வேறு கடையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பேசக் கூடாது. முதலில் வாய் திறக்கிறவர்தான் இறங்கி வருவார், இது மண்டிக்குத் தெரிந்த சட்டம், இதில் நான் தோற்றதில்லை. கோபம் வந்தால் மட்டும் தோற்றிருக்கிறேன். கோபம் எனக்குக் காலையில் பல் விளக்குவது மாதிரி, தினமும் வரும். அதனால்தான் புது வரி விகிதம் என்று உன் வாக்கியத்தையும் போட்டு டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் காகிதம் ஒட்டினபோது முதல் ஆளாகக் கத்தப் போனது நான்தான். மெம்பர் மந்திரமூர்த்தி, என் மண்டியில் இலைக்கட்டு எண்ணிப் பழகிய பயல், இன்றைக்கு வெள்ளை வேட்டி, சிரித்துக்கொண்டே சொன்னான், “யக்கா, ஏன் பறக்கீக? இது உத்தேசம்தான். ப்ரொபோசல். மன்றத்துல வச்சுப் பேசித்தான் முடிவாகும்.” உத்தேசம். எனக்கு அப்படியே குளுகுளுவென்று ஆகிவிட்டது. கேட்கிற விலை! இவ்வளவுதானா! மூன்று மடங்கு கேட்டால் ஒன்றரைக்கு முடிப்பான், நமக்குத் தெரியாத பேரமா? எங்கள் உப்புக் கிட்டங்கித் தெரு முழுக்க முன்னறையில்தான் பிழைக்கிறது, ஒரு வீட்டில் இடியாப்பம், ஒரு வீட்டில் இஸ்திரி, ஒரு வீட்டில் ஊதுபத்தி. இஸ்திரி வெள்ளைச்சாமி தெருவைக் கூட்டி, காகிதத்தில் ஆட்சேபணை இருந்தால் எழுதிக்கொடுக்கலாம்னு போட்டிருக்கு, எல்லாரும் எழுதிப் போடுவோம் என்றார். நான் இலைக்கட்டு அடுக்கிவைக்கிற என் கிட்டங்கி வாசலில் நின்று கையை நீட்டிச் சொன்னேன், “ஒருத்தரும் எழுதப்படாது. எழுதுனா நமக்கு அவசரம்னு தெரிஞ்சுபோவும். வாயத் தொறக்காம இருங்க, அவனுவளே எறங்கி வருவானுவ. நான் பாத்துக்கிடுதேன்.” தெரு கேட்டது. என் பேச்சைத் தெரு கேட்கும். வெள்ளைச்சாமி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். அவருக்குப் பேரம் வராது, இஸ்திரிக்குச் சட்டைக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிற ஆள்.

பாதாளச் சாக்கடை, இரண்டாம் கட்டம். கீழே மேசையைத் தட்டுகிறார்கள். நல்ல செய்தி வந்தால் மேசையைத் தட்டுவது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது. தட்டுங்கள், எங்கள் தெரு சாக்கடைக்கு நான் போட்ட சத்தம் கொஞ்சமா? லூர்து சொல்வாள், யக்கா நீங்க சாக்கடைக்குப் போட்ட சத்தத்துக்கு அதுவே பயந்து ஓடியிருக்கணும் என்று. லூர்து. அவளைப் பற்றித்தான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், அவள் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். எதிர்வீட்டு லூர்தம்மாள், ரவிக்கை தைக்கிறவள், ஒரு முன்னறை, ஒரு தையல் மெஷின், பின்னால் ஒரு அடுப்படி, அவ்வளவுதான் அவள் வீடு. அதைத்தான் நீ வணிகக் கட்டடம் என்றாய். பில் கலெக்டர் டேப்பை எடுத்துக்கொண்டு புது வரிக்கென்று முன்கூட்டியே அளக்க வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். வெட்டிப் போட்ட துணியெல்லாம் தரையில் கிடந்தது, டேப் துணியில் சிக்கிக்கொண்டது, அவர் குனிந்து எடுக்க, லூர்து குனிய, இரண்டு தலையும் முட்டிக்கொண்டது. “யம்மா, நான் பாத்ததத்தான் எழுத முடியும்” என்றார். எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, கூச்சத்தோடு, “எம் பொண்ணு ரவிக்கை ரெடியா?” என்று கேட்டார். லூர்து எடுத்துக் கொடுத்தாள். கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார், பாவம், அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் போனதும் லூர்து மெஷினில் உட்கார்ந்தாள், மிதிக்கவில்லை. அந்த வரியை அவளால் கட்ட முடியாது. மெஷினை நிறுத்தினால் வரி குறையும், மெஷினை நிறுத்தினால் சோறும் குறையும். அவள் மகன் ஜெரோம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அம்மா நீ ஏன் அங்க கெடந்து அல்லாடுத, வீட்டைக் கொடுத்துட்டு இங்க வா என்கிறான். இன்றைக்குக் காலையில் நான் புறப்படும்போது வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, அவள் குண்டூசியோடு பேசினால் எனக்கு மட்டும்தான் புரியும், “யக்கா, ஞாயித்துக்கெழம ஜெரோம் வண்டி எடுத்துட்டு வாரானாம்” என்றாள். “வண்டி எதுக்குட்டி?” “கட்டிலு, மெஷினு, எல்லாத்துக்கும்தான்.” “நீ ஒண்ணையும் கட்டாத. நான் போய் எறக்கிட்டு வாரேன்.” அவள் ஊசியை ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் மேலிருக்கிற குட்டித் தலையணையில் குத்தினாள். “எறக்காட்டா?” “முப்பிடாதி எறக்காத விலை இருக்காட்டி?” சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள், “நீங்க சொன்னீகன்னுதான் நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கல யக்கா.” அதை ஏன் அப்போது சொன்னாள்? குத்திக்காட்டவா? இல்லை, லூர்துக்குக் குத்திக்காட்டத் தெரியாது. என்னை நம்பினேன் என்று சொன்னாள். அதுதான் அதைவிட மோசம். மத்தியானம் மண்டி முடிந்து வந்தால் நான் அவள் வீட்டில்தான் படுப்பேன், வெட்டின துணிகளைத் தள்ளி ஒரு பாய்க்கு இடம் போடுவாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் நின்றால் முழிப்பு வந்துவிடும் எனக்கு. என்னட்டி நின்னுபோச்சு என்பேன், நூலு அறுந்துபோச்சு யக்கா என்பாள். இவ்வளவுதான் நாங்கள் பேசுவது. இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்கள் இருந்தும் இல்லை, மண்டியில் எல்லாரும் அக்கா என்பார்கள், பயத்தில். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் மத்தியானம் நான் எங்கே போய்ப் படுப்பேன்? சீ, இது என்ன, ஊர் பட்ஜெட்டில் என் தூக்கம்.

ஆளைப் பார், முப்பிடாதி, ஆளைப் பார். பேரம் என்றால் எதிரே ஒரு முகம் வேண்டும். கமிஷனர் சின்னப் பையன், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், போடுகிறான், மறுபடி துடைக்கிறான். இவன் இல்லை. இவன் கண் காகிதத்தைவிட்டு எழும்பவே இல்லை, விலை சொல்கிறவன் எதிராளியைப் பார்ப்பான். அவனுக்கு அடுத்து கணக்குப் பார்க்கிற ஆபீசர், ஜலதோஷம் போல, கைக்குட்டையும் கையுமாக இருக்கிறார். காய்ச்சலோடு வந்திருக்கிறார் மனுஷன், வீட்டில் யாராவது ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும். மேயரம்மா? அந்தம்மா பாலர் பள்ளியில் டீச்சராக இருந்தவராம். இப்போதும் அப்படித்தான் வாசிக்கிறார், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, யாரும் கவனிக்காத வகுப்பில் வாசிக்கிற மாதிரி. தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடிக்கும்போதும் மறு கை காகிதத்தை விடவில்லை. எழுதிக்கொடுத்ததை வாசிக்கிற கை. ரவிக்கை புதுசு, இன்றைக்கென்று தைத்தது, கழுத்துப் பட்டி நேர்த்தியாக இருக்கிறது, எந்தத் தெருவில் எவள் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தைத்தாளோ, அந்த வீடும் இன்றைக்கு வணிகக் கட்டடம்தான் அம்மா, உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அந்தம்மா மேலும் கோபம் வரமாட்டேன் என்கிறது. இது எனக்கு வழக்கமில்லை. கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கிறேன், நழுவுகிறது. உன்மேலாவது நிற்குமா என்று உன்னை நினைத்துப் பார்க்கிறேன். நீ கெட்டவனாக இருந்தால் சுலபம். ஆனால் நீ யாரை மனசில் வைத்து எழுதியிருப்பாய்? ரயிலடிக்குப் பக்கத்தில் பெரிய வீட்டில் ஒரு டாக்டர், முன்னறையில் ஸ்கேன் மெஷின், நாள் முழுக்கக் கூட்டம், கட்டுவது வீட்டு வரி. அவரைப் பிடிக்கத்தான் எழுதினாய், இல்லையா? அப்படித்தான் இருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக இந்த மாதிரி ஆட்கள் தப்பித்துப் போவதைப் பார்த்துப் பார்த்து உனக்கும் எரிந்திருக்கும், சாக்கடைக்குக் காசு வேண்டும், எங்கே போவது என்று கேட்டிருப்பார்கள், நீ உட்கார்ந்து ஒருத்தரும் தப்பிக்க முடியாதபடி எழுதினாய். நல்லாத்தான் எழுதினாய். எந்தப் பகுதியிலும், எந்தத் தொழிலும். ஓட்டையே இல்லை. டாக்டருக்கு வைத்த கண்ணியில் லூர்து மாட்டிக்கொண்டாள். டாக்டர் ஸ்கேன் விலையைக் கொஞ்சம் ஏற்றி அந்த வரியை வரிசையில் நிற்கிறவர்கள் தலையில் கட்டிவிடுவார். லூர்து யார் தலையில் கட்டுவாள்? ரவிக்கைக் கூலியை ஏற்றினால் வருவார்களா? முதல் ஆளாக நானே பேரம் பேசுவேனே!

வந்துவிட்டது. வரி வந்துவிட்டது. நான் முன்னால் சாய்கிறேன், கம்பி நெஞ்சில் குத்துகிறது. இப்போது யாராவது எழுந்திருப்பார்கள். மந்திரமூர்த்தி எழுந்திருப்பான், இது ஜாஸ்தி என்பான், கமிஷனர் முடியாது என்பார், இன்னொருத்தர் எழுந்து பாதி என்பார், அப்புறம் அது நடக்கும், நான் ஆயிரம் தடவை பார்த்தது, இரண்டு பக்கமும் முறுக்கி முறுக்கி ஒரு இடத்தில் வந்து நிற்பது. மேயரம்மா பக்கத்தைத் திருப்புகிறார். “உத்தேச வரி விகிதங்கள் குறித்துப் பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை.” நிறுத்துகிறார். தண்ணீர் குடிக்கிறார். “ஆகவே பொதுமக்கள் இதனை மனமுவந்து ஏற்றுக்கொண்டதாகக் கருதி...” எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. யார் ஏற்றுக்கொண்டது? நாங்கள் பேசவில்லை. பேசாமல் இருந்தோம். பேசாமல் இருந்தால் அவர்கள் இறங்க வேண்டும். பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம், இது கூடத் தெரியாதா, மண்டியில் ஒரு சின்னப் பயலுக்குக்கூடத் தெரியுமே, அப்புறம் உள்ளே என்னமோ சறுக்குகிறது, மாடியிலிருந்து கட்டு நழுவுகிற மாதிரி, கீழே விழுகிற சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. இவர்கள் ஊரில் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். இவர்கள் கடையில் சட்டம் வேறு. நான் தெருவையே வாயைக் கட்டி உட்காரவைத்து, ஒவ்வொரு வீட்டையும் தலையாட்ட வைத்திருக்கிறேன். வெள்ளைச்சாமி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாரே. எழுந்துவிட்டேன். எழுந்தது தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது, “நில்லுங்க! நாங்க ஒத்துக்கிடல!” என் குரல் மண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். போகவில்லை. அதே நேரத்தில் மேசையைத் தட்டுகிறார்கள், எல்லா மேசையும், மழை பெய்கிற தகரம் மாதிரி. மந்திரமூர்த்தி ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் தட்டுகிறான். அண்ணாந்து பார்க்கிறான். என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டுகிறான், நான் வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான் படுபாவி. காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண் வந்து என் தோளைத் தொடுகிறாள், மெதுவாகத்தான் தொடுகிறாள், “யம்மா, உக்காருங்க. மேல இருந்து பேசப்படாது.” “கீழ இருந்து பேசலாமா?” “கீழ இருந்தும் பேசப்படாது.” “பின்ன எங்கட்டி நின்னு பேச?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். “பேசக் கூடாதும்மா. எழுதித்தான் குடுக்கணும். அதுக்கு நாளு முடிஞ்சுபோச்சே.” பெரியவர் முழித்துக்கொண்டார். “மிக்சர் குடுத்துட்டாங்களா?” என்று கேட்டார்.

கொடுத்துவிட்டார்கள். எனக்கும் ஒரு பொட்டலம், மைசூர்பாகு ஒன்று, மிக்சர் கொஞ்சம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படி இறங்குகிறேன். முட்டி வலிக்கிறது, சும்மா இருக்கிறபோது தெரியாத வலி. மந்திரமூர்த்தி வராந்தாவில் நிற்கிறான், “எப்படிக்கா பட்ஜெட்டு?” என்கிறான். அவனை அறைய வேண்டும். கை எழவில்லை. “ஏலே, நீ ஏன்டா எந்திரிச்சுப் பேசல?” “யக்கா, உங்க தெருவுல இருந்து ஒரு காயிதம்கூட வரல. நான் எத வச்சுப் பேச? நீங்களே சம்மதம்னுல்லா நெனச்சேன்!” சம்மதம். இனி இவனிடம் என்ன பேச. யாரு எழுதுனது, அத மட்டும் சொல்லு என்கிறேன். வருவாய்ப் பிரிவு, அந்தக் கடைசி அறை என்று கையை நீட்டுகிறான். நடக்கிறேன். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் பீரோ, ஒரு பீரோவுக்கு மேலே பூனை. உள்ளே நீங்கள் எல்லாரும் சாப்பிடுகிறீர்கள். மேசையில் செய்தித்தாளை விரித்து, டப்பாக்களைத் திறந்து வைத்து, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், யாரோ கருவாடு கொண்டுவந்து மூடி மூடித் தின்கிறீர்கள். நான் வாசலில் நிற்கிறேன். “என்னம்மா வேணும்?” என்கிறது கதவோரத்தில் ஒரு பெண். சொல்கிறேன். கத்த வேண்டும் என்று நினைத்து வந்தேன், சொல்லத்தான் வருகிறது. தெருவைச் சொல்கிறேன், முன்னறையைச் சொல்கிறேன், லூர்து பேரைச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிற வண்டியைச் சொல்கிறேன். எழுதாதீர்கள் என்று தெருவுக்குச் சொன்னது நான்தான், அவர்கள் இல்லை என்றும் சொல்கிறேன், இப்படி ஒன்றை நான் என் வாயால் எங்கேயும் சொன்னதில்லை. அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “மன்றத்துல முடிஞ்சிருச்சேம்மா” என்கிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “உத்தரவு வெள்ளிக்கிழமதான் அச்சுக்குப் போவுது. அதுக்குள்ள எழுதுன ஆளே, இது வீட்டாளு தன் கையால செய்யுற தொழிலுக்குப் பொருந்தாதுன்னு ஒரு திருத்தக் குறிப்பு வச்சா, கமிஷனர் பாப்பாரு. நாங்க மத்தவங்க வைக்க முடியாது.” “எழுதுன ஆளு யாரு தாயி?” அவள் டப்பாவைப் பார்க்கிறாள். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்தே மனசை எடை போடுகிறவள் நான், ஆனால் எல்லாரும் தலையைக் குனிந்திருக்கிறீர்கள், எல்லார் உச்சியிலும் ஒரே மாதிரி ஃபேன் காற்று. பரவாயில்லை. நீ இங்கேதான் இருக்கிறாய், அது போதும். உன் பேர் எனக்கு வேண்டாம், உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்தவும் நான் வரவில்லை. நீ டாக்டரை நினைத்து எழுதினாய், லூர்தை உனக்குத் தெரியாது, இப்போது தெரியும், நான் சொல்லிவிட்டேன். இனிமேல் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. பாதி குறைத்துக் கொடு என்று நான் கேட்கவில்லை, மாட்டேன், இதில் பாதி இல்லை. சோறு ஆறுகிறது, சாப்பிடு, பட்டினி கிடந்து எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். நான் வாசலில் கிடக்கிற இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிட்டு முடி. கையைக் கழுவு. வந்து எழுது.